பழைய வாட்ச் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்...

போன மாசம் ஹாஸ்டல் மெஸ்ஸில் என் கையைப் பார்த்துவிட்டு மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மச்சான், இந்த மாதிரி பழைய ஹெச்.எம்.டி. எங்கடா கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?" நான் ஏதோ பெரிய நிபுணன் மாதிரி பதில் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் நான் வாங்கிய முதல் வாட்சிலேயே ஏமாந்தவன். அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்பதால் இந்தக் கட்டுரை.

முதலில் ஏன் எல்லோரும் ஹெச்.எம்.டி.யில் ஆரம்பிக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் மத்திய அரசு தொடங்கிய தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்று மாடல்கள். நம் அப்பா, தாத்தா தலைமுறையில் வேலைக்குப் போன முதல் வருஷம், கல்யாணம், ரிட்டயர்மென்ட், எதுவானாலும் கைக்கு வந்தது பெரும்பாலும் இதுதான். பிறகு பேட்டரி வாட்ச் வந்தது. நம்ம டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன் ஓசூரில் குவார்ட்ஸ் வாட்ச் செய்ய ஆரம்பித்ததும் சாவி கொடுக்கும் வாட்சுக்கு மவுசு குறைந்துபோனது. 2016-ல் ஹெச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்தே பழசுக்கு கிராக்கி. கிராக்கி வந்தால் கூடவே என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஆன்லைனில் ஒரு பைலட் வாங்கினேன். 1,750 ரூபாய். ஆரஞ்சு கலர் டயல், பளபளவென்று கண்ணாடி மாதிரி. "விண்டேஜ், ஒரிஜினல், சர்வீஸ் செய்தது" என்று போட்டிருந்தது. நாற்பது வருஷப் பழைய சாமான் எப்படிடா நேற்று பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் எனக்கு இத்தனை அரியர் இருக்குமா?

லீவுக்கு ஊருக்குப் போனபோது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர்க்கார அண்ணாச்சியிடம் பெருமையாக நீட்டினேன். ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கண்ணாடிப் பெட்டி, அதுதான் கடை. கண்ணில் லென்ஸை மாட்டி, பின்மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டயலைக் காட்டினார்.

"தம்பி, மெஷின் ஹெச்.எம்.டி.தான். டயல் மேலே புதுசா பிரிண்ட் அடிச்சிருக்கு. முள்ளு வேற வாட்ச்சோடது. சாவி வேற. கேஸும் வேற மாதிரிதான் தெரியுது. நாலு வாட்ச்சைக் கொன்னு ஒண்ணு பண்ணிருக்கான்."

இந்த மாதிரி வாட்சுகளுக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் வைத்த பெயரே 'மும்பை ஸ்பெஷல்'. ஹெச்.எம்.டி. மட்டுமல்ல, பழைய செய்க்கோ ஃபைவ் வாட்சுகளுக்கும் இதே கதிதான். இதில் ஓடாத வாட்ச் என்று இல்லை, நன்றாகவே ஓடும். என் ஆரஞ்சு பைலட் இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். எழுத்தைப் பார் என்றார். கம்பெனி பிரிண்ட் மெல்லிசாக, ஓரம் கூர்மையாக இருக்கும். திரும்ப அடித்ததில் எழுத்து தடிமனாக, மை லேசாகப் பரவி, சில நேரம் கோணலாகவே இருக்கும். நிமிஷக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 12, 3, 6, 9 சரியாக நேர்கோட்டில் இருக்காது. முள்ளில் பச்சைப் பூச்சு புதுசாகவும் டயலில் பழசாகவும் இருந்தால், அல்லது தலைகீழாக இருந்தால், இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. விற்பவரிடம் பின்மூடியைத் திறந்து மெஷின் படம் கேளுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

செய்க்கோ வாங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பின்மூடியில் ஆறு எழுத்து சீரியல் நம்பர் இருந்தால், முதல் எண் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம் (அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி). 83 என்று ஆரம்பித்தால் எட்டில் முடியும் ஏதோ ஒரு வருஷத்தின் மார்ச். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் நம்பரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 7009 என்றால் 1978 ஆகவோ 1988 ஆகவோ இருக்கலாம். விற்பவர் "1960-களின் வாட்ச் சார்" என்று சொன்னால் அங்கேயே சிரித்துவிடலாம்.

என்னைக் கேட்டால் முதல் வாட்ச் வாங்குவதற்கு முன் முதலில் ஒரு ரிப்பேர்க்காரரைப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் சில வருஷத்தில் காய்ந்துவிடும். காய்ந்தபடியே ஓடினால் சக்கரங்கள் தேயும். அதனால் என்ன விலைக்கு வாங்கினாலும் அதன் மேல் ஒரு சர்வீஸ் செலவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும் ஆள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

வாங்கின பிறகு ரொம்ப மெனக்கெட வேண்டாம். தினம் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இறுகியதும் நிறுத்துங்கள். நாளுக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனால் பதறாதீர்கள். செல்போனே சரியான நேரம் காட்டுகிறதே, இதற்கு எதற்கு அந்தக் கவலை? திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் வேகமாக ஓடினால் காந்தம் பிடித்திருக்கலாம். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். ரிப்பேர்க் கடையில் சில நொடியில் எடுத்துவிடுவார்கள். தேதி காட்டும் வாட்சில் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து விடிகாலை மூணு மணி வரை தேதியை மாற்றாதீர்கள், பல் உடையும். பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்து போயிருக்கும்.

இன்னொன்று. 1960-களுக்கு முந்தைய சில வெளிநாட்டு வாட்சுகளில் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி போய்விட்டாலும் ரேடியம் போகாது. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். அந்த மாதிரி டயலை நீங்களே திறந்து சுரண்டாதீர்கள்.

சரி, நிற்க. தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மெஸ்ஸில் கேட்டவர்களிடம் சொல்லாமல் விட்டதும் இதைத்தான்.

அந்த ஆரஞ்சு பைலட் வாங்குவதற்கு ஆறு மாசம் முன்னால், ஆச்சி வீட்டு பீரோவில் தாத்தாவின் ஜனதா கிடைத்தது. தாத்தா ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது தவறிவிட்டார். வெள்ளை டயல் ஓரமெல்லாம் பழுப்பேறி, ஏழு மணிப் பக்கம் ஒரு பெரிய கறை. சாவி கொடுத்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரே குஷி. கறையோடு எப்படிக் கட்டுவது என்று வேறொரு கடையில் கொடுத்து, டயலை மாற்றச் சொன்னேன். மாற்றச் சொன்னது நான்தான், கடைக்காரர் மேல் தப்பில்லை. புது டயல், புது முள், புதுக் கண்ணாடி. ஆச்சிக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்று அப்படியே கொண்டுபோய்க் கையில் வைத்தேன்.

ஆச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்குய்யா. யாரு வாட்ச் இது?"

தாத்தாவோடது ஆச்சி என்றேன்.

"அதுல கறை இருக்குமே." அப்புறம்தான் சொன்னாள். அம்மா பிறந்த அன்றைக்கு தாத்தா தாமிரபரணியில் குளித்துக்கொண்டிருந்தாராம். யாரோ ஓடிவந்து சேதி சொன்னதும் படித்துறையில் இருந்த துண்டை வெடுக்கென்று இழுத்திருக்கிறார். துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த வாட்ச் ஆற்றில் போய் விழுந்தது. முழுகி எடுத்துக் கட்டிக்கொண்டு ஈரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். "டயலை மாத்துங்கன்னு நானே எத்தனையோ தடவை சொன்னேன். மாட்டேன்னுட்டாரு" என்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

பைலட்டைக் காட்டப் போன அன்று இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "பழைய டயலை வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டார். அப்படி வாங்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. கழற்றின பாகம் எல்லாம் நம்முடையதுதானாம், கேட்டால் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பார்களாம். மறுநாளே அந்தக் கடைக்குப் போனேன். அவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். முப்பது நாற்பது டயல் இருக்கும். எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பழுப்பேறியது நிறைய இருந்தது, ஏழு மணிப் பக்கம் கறை உள்ளது ஒன்றுகூட இல்லை. "ஆறு மாசம் ஆச்சே தம்பி, பாதியைத் தூக்கிப் போட்டிருப்பேன்" என்றார்.

அதனால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: டயலைத் தொடாதீங்க, கழற்றினது எதுவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க. ஒரு சீட்டில் எழுதி வாட்சோடு கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஜனதா இப்போது ஆச்சியிடம்தான் இருக்கிறது. தினம் சாவி கொடுக்கிறாளாம், அம்மா சொன்னாள். நீங்கள் மெஸ்ஸில் பார்த்தது அந்த ஆரஞ்சு பைலட்.