மெட்ரோ கல்லியில் ஒரு பல் சக்கரம்

சென்னை சென்ட்ரல்ல ஹவுரா மெயில் ஏறினா சுமார் 1,660 கிலோமீட்டர். ஒரு முழு நாளையும் தாண்டின பயணம். ஆந்திரா முடியுறதுக்குள்ள உங்க செல்போன் சார்ஜ் காலி. ஒடிசா முடியுறதுக்குள்ள பொறுமையும் காலி! பொறுமையை மட்டும் கொஞ்சம் மிச்சம் வைங்க பாஸ். நாம போற இடத்துல அது இல்லாம ஒரு வேலையும் நடக்காது.

இடம்? கொல்கத்தா, மெட்ரோ கல்லி. பழைய ஃபிலிம் கேமராவுக்கு உயிர் கொடுக்கிறவங்க இன்னும் மிச்சம் இருக்கிற சந்து.

ஹவுராவுல இறங்கினதும் டாக்ஸி அண்ணன்கள் சூழ்ந்துக்குவாங்க. சிரிச்சுக்கிட்டே நழுவிடுங்க. ஸ்டேஷனை ஒட்டியே, தரைக்குக் கீழே 30 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துல மெட்ரோ ரயில் நிலையம் இருக்கு. 2024 மார்ச்சுல திறந்தது. ஹூக்ளி நதிக்கு அடியில 520 மீட்டரை அந்த ரயில் முக்கால் நிமிஷத்துல தாண்டிடும். ஜன்னல்ல மீன் தெரியுமானு மூக்கை ஒட்டவெச்சுப் பார்க்காதீங்க... வெறும் நீல லைட்டுதான். எஸ்பிளனேடுல இறங்கி மேல வந்தா சௌரங்கி ரோடு. போர்டுல ஜவஹர்லால் நேரு ரோடுனு இருக்கும். ஊர்க்காரங்க வாயில மட்டும் சௌரங்கிதான், நம்ம மவுன்ட் ரோடு மாதிரி.

அங்க நிக்குது மெட்ரோ சினிமா. ஹாலிவுட் எம்.ஜி.எம். கம்பெனி கட்டி, 1935-ல திறந்த தியேட்டர். அதுக்குப் பக்கத்துச் சந்துதான் மெட்ரோ கல்லி. பேர் தியேட்டர்கிட்ட கடன் வாங்கினது, ரயில்கிட்ட இல்லை. பிளாட்பாரத்துல பெல்ட், கூலிங் கிளாஸ், டி-ஷர்ட் விக்கிறவங்களைத் தாண்டி உள்ளே போனா... டிரைபாடு, ஃப்ளாஷ், மெமரி கார்டு, கல்யாண வீட்டுக் குடைனு அடுக்கி வெச்ச கடைகள். எல்லாம் டிஜிட்டல் சமாசாரம். நமக்கு வேண்டியவங்க அந்தக் கடைகளுக்கு நடுவுல, மாடிப்படிக்கு அடியில, ஒரு டேபிள் மட்டும் போட்டு உட்கார்ந்திருக்காங்க. போர்டு கிடையாது. விசாரிச்சுத்தான் போகணும்.

இந்த ஏரியாவுக்கும் போட்டோவுக்கும் இருக்கிற சொந்தம் ரொம்பப் பழசு. கொஞ்சதூரம் நடந்தா எஸ்.என்.பானர்ஜி ரோடு. போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ இருந்தது அங்கதான். 1860-கள்ல சாமுவேல் போர்னும் சார்லஸ் ஷெப்பர்டும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. மகாராஜாக்கள் வரிசையில நின்னு போஸ் கொடுத்த கம்பெனி. 1991-ல தீ விபத்து, பழைய நெகட்டிவ்கள் ஏகப்பட்டது போச்சு. 2016-ல கதவையே சாத்திட்டாங்க.

சரி, அவ்வளவு தூரம் எதுக்குப் போனேன்? யாஷிகா மேட் 124ஜி! பாலிடெக்னிக் சப்ஜெக்ட் கோடு மாதிரி இருக்கா? கேமரா பேருங்க. முகத்துல மேல ஒரு கண்ணு, கீழ ஒரு கண்ணு. மேல் கண்ணு நாம பார்க்கிறதுக்கு, கீழ் கண்ணு படம் பிடிக்கிறதுக்கு. வயித்துக்கிட்ட வெச்சுக்கிட்டு, மேல் மூடியைத் திறந்து, குனிஞ்சு பார்க்கணும். கோயில்ல சாமி கும்பிடுற போஸ்ல போட்டோ எடுக்கலாம். ஒரு ரோலுக்கு 12 படம், எல்லாமே சதுரம். இன்ஸ்டாகிராமுக்கெல்லாம் தாத்தா! 1970-லேர்ந்து 1986 வரைக்கும் ஜப்பான்ல தயாரிச்சாங்க.

என் பெரியப்பா விருதுநகர் பக்கம் ஸ்டுடியோ வெச்சிருந்தார். சுத்துப்பட்டு ஊர்க் கல்யாணம் பாதி இந்த கேமராவுலதான் நடந்தது. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்னு 1960-ல ஆரம்பிச்ச அரசு கம்பெனி இருந்ததே... அவங்க 'இந்து' ஃபிலிம்தான் பெரியப்பாவோட பேவரைட். அந்த ஃபேக்டரியும் இப்ப மூடியாச்சு, பெரியப்பா ஸ்டுடியோவும் மூடியாச்சு.

அவருக்குக் கண்ணுல பிரஷர். ஓரப்பார்வை ஏற்கெனவே போயிடுச்சு. நடுப்பார்வை எவ்வளவு நாளைக்குனு டாக்டர் சொல்லலை. செல்போன்ல எடுங்க பெரியப்பானு நீட்டினா, கண்ணு கூசுதுனு தள்ளிவிட்டுடுவார். யாஷிகா மூடிக்குள்ள ஒரு குட்டி பூதக்கண்ணாடி இருக்கு. அதை விரிச்சுப் பார்த்தா இன்னும் ஃபோகஸ் வைக்க முடியுதாம். ''ஊர்ல அத்தனை பொண்ணுகளையும் எடுத்தேன்டா. உங்க பெரியம்மாவை ஒரு தடவைகூட நிதானமா எடுத்ததில்லை. ஒரே ஒரு ரோல் எடுத்துட்டா போதும்''னார். ஆனா, கேமரா ஷட்டர் திறந்தா மூட மாட்டேங்குது. சென்னையில ஒருத்தர் (பேர் வேண்டாமே!) ரெண்டு மாசம் வெச்சிருந்து, ஸ்க்ரூ தலையெல்லாம் மொட்டையாக்கித் திருப்பிக் கொடுத்தார். அப்புறம்தான் விஸ்காம் புரொஃபசர் ஒருத்தர் மெட்ரோ கல்லியைக் கைகாட்டினார்.

அங்க எல்லாரும் அவரை தாதானு கூப்பிடுறாங்க. பயந்துடாதீங்க, நம்ம சினிமா தாதா இல்லை. வங்காளத்துல தாதான்னா அண்ணன். கங்குலியைக் கூப்பிடுறாங்களே, அதே தாதா! இந்த அண்ணனுக்கு வயசு 72. தலைக்கு மேல ஃபேன் தொங்குது, ஆனா போட மாட்டார். செப்டம்பர் கொல்கத்தாவுல ஃபேன் இல்லாம உட்கார்ந்து பாருங்க, தெரியும்! கேட்டா, டேபிள்ல விரிச்ச வெள்ளைத்துணியைக் காட்டுறார். அதுமேல முடி மொத்தத்துல ஒரு ஸ்ப்ரிங். பறந்துச்சுன்னா போச்சு.

கேமராவை வாங்கினவர் எதுவும் கேட்கலை. ஒரு செகண்ட் ஸ்பீடு வெச்சு, காதுக்குப் பக்கத்துல கொண்டுபோய் ஷட்டரைத் தட்டினார். கண்ணை மூடிக்கிட்டார். அதுக்கப்புறம் 1/2, 1/4, 1/8... கடைசியா 1/500. வேகமான ஸ்பீடு எல்லாம் ஓ.கே. மெதுவான ஸ்பீடுல மட்டும் உள்ளே இருக்கிற குட்டிப் பல் சக்கரங்கள் திணறுது. நாப்பது வருஷத்துப் பழைய எண்ணெய் பசையாகிடுச்சு, கழுவினா சரியாகும்னார். ஸ்க்ரூவைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. சொத்தைப்பல்லைப் பார்த்த டாக்டர் மாதிரி, ''யார் திறந்தது இதை?''ன்னார். ஜப்பான் ஸ்க்ரூவோட குழி வேற அளவாம். நம்மூர் ஸ்டார் டிரைவரை விட்டுத் திருகினா வழுக்கி வழுக்கிக் குழியே போயிடும்.

பக்கவாட்டு மூடியைக் கழட்டினப்பதான் அசல் வில்லன் வெளியில வந்தான். ஃபிலிம் சுத்துற கைப்பிடிக்குப் பின்னாடி இருக்கிற சக்கரத்துல ஒரு பல்லைக் காணோம். அந்தக் கைப்பிடிதான் ஃபிலிமையும் நகர்த்துது, ஷட்டரையும் தயார் பண்ணுது. பல் போனா ரெண்டும் போச்சு. புது ஸ்பேர்? யாஷிகாவை வாங்கின கியோசெரா கம்பெனி 2005-லயே கேமரா தொழிலை விட்டுட்டாங்க. செத்துப்போன இன்னொரு 124ஜி கிடைச்சா, அதுலேர்ந்து எடுத்து மாட்டலாம். கிட்டத்தட்ட உறுப்பு தானம்!

இப்ப நான் நிமிர்ந்து பார்க்கிறேன். அவர் தலைக்கு மேல ஒரு அலமாரி. ரிப்பேருக்குக் கொடுத்துட்டு திரும்பி வராதவங்களோட கேமராக்கள் வரிசையா உட்கார்ந்திருக்கு. ஒவ்வொண்ணு கழுத்துலயும் நூல் கட்டின சீட்டு. ரெண்டாவது தட்டுல, அச்சு அசலா, ஒரு யாஷிகா 124ஜி. சீட்டுல 2011-னு தேதி.

''தாதா, அதுலேர்ந்து எடுத்துக்கலாமே?''

''அது என்னோடது இல்லையே.''

''பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே?''

''நாளைக்கு வந்தார்னா?''

என் அரைகுறை ஹிந்தியில எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்தேன். மனுஷன் அசையலை. ஒம்பது வருஷம் கழிச்சு ஒரு அம்மா ரசீதோட வந்து புருஷனோட கேமராவை வாங்கிட்டுப் போன கதையைச் சொன்னார். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு இதுல இன்னும் முழு உடன்பாடு இல்லை. ஒருத்தர் மறந்துட்டுப் போன பொருளுக்காக, ஊர்ல கண்ணு மங்கிட்டு வர்ற மனுஷன் காத்திருக்கணுமா? அதையும் கேட்டேன். தாதா பதில் சொல்லாம, என் கேமராவுக்கு ஒரு சீட்டு எழுதி நூல் கட்டினார். அந்த 2011-க்குப் பக்கத்துலயே கொண்டுபோய் வெச்சார்.

டெல்லி சாந்தினி சௌக்குல கூச்சா சௌத்ரினு ஒரு கேமரா மார்க்கெட் இருக்கு. அங்க தெரிஞ்ச ஆளுக்கு போன் போட்டார். லென்ஸ் உடைஞ்ச 124ஜி ஒண்ணு இருக்காம், கூரியர்ல வரும். எப்போ? ''வரும்.'' இதுல இன்னொரு டென்ஷன்... துர்கா பூஜைக்கு பத்து நாள்தான் இருக்கு. பூஜைனா ஊரே ஷட்டரை இறக்கிடும். தாதா சஷ்டி அன்னிக்கே சொந்த ஊருக்குக் கிளம்பிடுவார்.

காத்திருக்கிற நாள்ல என்ன பண்றது? காலையில டேக்கர்ஸ் லேன் போங்க. எஸ்பிளனேடுலேர்ந்து நடக்கிற தூரம்தான். சூடா ஸ்டூ, தொட்டுக்க டோஸ்ட். பர்ஸுக்கு வலிக்காது. ஷோபாபஜார் மெட்ரோவுல இறங்கினா குமார்துலி, களிமண் துர்காவுக்குக் கண் வரையுற தெரு. பூஜை நெருங்க நெருங்க சிலையைவிட கேமராதான் அங்க அதிகம். காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளும் காபி ஹவுஸும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா?

ஆனா நான் ரெண்டு நாள்தான் ஊர் சுத்தினேன். மூணாவது நாள்லேர்ந்து தாதா டேபிளுக்கு எதிர்ல ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன். அது செம டைம்பாஸ்! கீழே போட்ட லென்ஸைக் கர்ச்சீப்ல கட்டிக்கிட்டு ஓடி வர்ற கல்யாண போட்டோகிராபர்... மியூசியத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஆர்ட் காலேஜ்லேர்ந்து, அப்பாவோட ரஷ்ய ஜெனிட்டைத் தூக்கிட்டு வந்த பொண்ணு... மண் குவளையில டீ வந்துக்கிட்டே இருக்கும். அந்த ஜெனிட் லென்ஸ்ல வேர் மாதிரி படர்ந்திருந்த பூஞ்சையை லைட்டுல பிடிச்சுக் காட்டினார். ஈரமான ஊர்ல தோல் உறைக்குள்ள பூட்டி வெச்சா இப்படித்தான் ஆகுமாம். உங்க வீட்டுப் பீரோவுல கேமரா இருந்தா, முதல்ல அந்த உறையைக் கழட்டிட்டு காத்தாட வைங்க.

யாருக்காவது தொழிலைக் கத்துக் கொடுத்தீங்களானு கேட்டேன். பையன் சால்ட் லேக்ல சாஃப்ட்வேர். வேற ஒரு பையன் ரெண்டு வருஷம் கூட இருந்தானாம். இப்ப அடுத்த தெருவுல செல்போன் ரிப்பேர் பண்றான். ''அவன் மேல தப்பில்லை. போன்ல டிஸ்ப்ளே மாத்த இருபது நிமிஷம். அன்னிக்கே காசு''ன்னார். அதைச் சொல்லும்போது அவரோட வலது கை மணிக்கட்டை இடது கை பிடிச்சிருந்தது. நுணுக்கமான வேலைன்னா இப்ப அப்படித்தான் செய்யுறார். கை லேசா ஆடுது.

ஆறாவது நாள் மத்தியானம் டெல்லி பார்சல் வந்தது. சக்கரத்தை மாத்த முக்கால் மணி நேரம்தான் ஆச்சு. வாங்கிட்டு ஓடிடலாம்னு எழுந்தா, உட்காருனு கைகாட்டினார். பின் மூடியைத் திறந்து, ஃபிலிம் போற இடத்துல ஒரு மங்கல் கண்ணாடித் துண்டை வெச்சு, தெருவுக்கு எதிர்ல இருக்கிற போர்டைப் பார்த்தார். மேல் கண்ணும் கீழ் கண்ணும் ஒரே இடத்துல ஃபோகஸ் ஆகுதானு செக்கிங். மயிரிழை வித்தியாசம். மறுபடி கழட்டினார். கடைசியா ஷட்டரை நூறு தடவையாவது தட்டிட்டு, ''ராத்திரி தூங்கட்டும். காலையில எழுப்பிப் பார்ப்போம். பசை மிச்சம் இருந்தா அப்பதான் தெரியும்''ன்னார். சஷ்டிக்கு ரெண்டே நாள். எனக்குத்தான் தூக்கம் வரலை!

காலையில காதுல வெச்சுக் கேட்டார். ஒரு செகண்ட், சரியா ஒரு செகண்ட். லைட் மீட்டருக்குப் போடுற பழைய மெர்க்குரி பேட்டரி இப்ப கிடைக்காது. காதுமெஷின் பேட்டரியைக் கொஞ்சம் அண்டக்கொடுத்துப் போட்டா ஓடும்னு செஞ்சு காட்டினார். கூலி 3,500 ரூபாய். அதிகமானு கேட்டீங்கன்னா, ஏழு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கனுதான் சொல்வேன்.

நீங்க போறதா இருந்தா ரெண்டு விஷயம். கடைகள் சாவகாசமாத்தான் திறக்கும், ஞாயிறு போகாதீங்க. பூஜைக்கு முந்தின மாசம் போகவே போகாதீங்க, நான் பட்ட டென்ஷன் போதும். ரசீதைப் பத்திரமா வைங்க. அவர் எத்தனை வருஷமானாலும் வெச்சிருப்பார், நீங்க தொலைச்சிடுவீங்க.

அங்கயே ஒரு ரோல் வாங்கி மாட்டினேன். ரோல் விலை ஆயிரத்தை நெருங்குது, அதனால கண்டபடி சுட முடியாது. முதல் படம் தாதாவோடது. முகம் வேண்டாம்னுட்டார், வெள்ளைத்துணி மேல அவர் ரெண்டு கையும் மட்டும். மிச்சம் 11 படத்தோட கேமராவை விருதுநகர்ல கொடுத்தேன். பெரியப்பா மூடியைத் திறந்து, குனிஞ்சு, வாசல்ல பூ கட்டிக்கிட்டிருந்த பெரியம்மாவை ரொம்ப நேரம் பார்த்தார். எடுக்கலை. வெளிச்சம் சரியில்லையாம்.

இதுவரைக்கும் நாலு எடுத்திருக்கார். கழுவக் கொடுக்கலாமானு வாரா வாரம் போன்ல கேட்கிறேன். ''ரோல் முடியட்டும்டா, என்ன அவசரம்?''ங்கிறார்.