விக்கெட் கற்ற மொழி

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட ஈவாக் படங்கள் இரண்டு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 1984, 1985 ஆண்டுகளில் அவற்றை ஒளிபரப்பியது. முதற்படத்தில், விண்கலம் விழுந்து பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்கு ஈவாக்குகள் என்னும் குறுவுருவ வனவாசிகள் துணைநிற்கிறார்கள். பேசுவதோ தம் மொழியையே. இரண்டாம் படத்தில், பெற்றோரையும் அண்ணனையும் பறிகொடுத்த சிறுமி சிண்டெலிடம், விக்கெட் என்னும் ஈவாக் அவள் மொழியிலேயே திக்கித் திக்கிப் பேசுகிறான். பரிவான காட்சிதான், ஆயினும் என்னை உறுத்துகிறது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காரவள்ளிக்கு இறங்கிவரும் பழங்குடி மாணவர்கள், வகுப்பறையில் முதலில் மறைத்துவைப்பது தங்கள் மலைத்தமிழைத்தான். மலையேறும் நாமோ தேனும் மிளகும் வாங்கித் திரும்புகிறோம். ஒரு சொல்லைக் கேட்டு வாங்குவதில்லை. நட்பின் விலை மொழியென்றால், அதை எப்போதும் காட்டில் இருப்பவனே செலுத்துகிறான்.