பிரென் மாதிரித் துவக்கும் கல்முனை லேத்தும்

பிரென் மாதிரித் துவக்கு என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய இலகு இயந்திரத் துவக்கின் உருவத்தில் செய்யப்பட்ட விளையாட்டுக் கருவி. உள்ளே பற்றரியும் மோட்டரும் இருக்கும். 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டுகளைக் காற்றினால் தள்ளும். ஏர்சொஃப்ட் என்ற களவிளையாட்டில் பழைய போர்க்கால உடையணிந்து ஆடுவோருக்கென்றே இப்படிப்பட்ட மாதிரிகள் விற்பனைக்கு வருகின்றன. வாங்கியபடியே களத்துக்குக் கொண்டுபோனால் இவை நெடுநாள் உழைப்பதில்லை. பிரித்து, அளந்து, உராய்வைப் போக்கி, காற்றுக் கசிவை அடைத்துத் திரும்பப் பூட்டுவது தனி ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அந்தத் தொழிலின் மிக நுட்பமான துண்டு ஒன்று இலங்கையின் கிழக்கிலுள்ள கல்முனையில், கடற்கரைப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் கடைந்தெடுக்கப்பட்டது.

மூலத் துவக்கின் பெயர் இரண்டு ஊர்ப் பெயர்களின் ஒட்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோவில் பிறந்த வடிவத்தை இங்கிலாந்தின் என்ஃபீல்டில் திருத்திச் செய்ததால் இரண்டின் முதலெழுத்துகளும் சேர்ந்து ‘பிரென்’ ஆயிற்று. கனடாவின் டொரொன்டோவிலும் ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் அது செய்யப்பட்டது. குழாயின் நீளம் 635 மில்லிமீற்றர், எடை ஏறத்தாழ 10 கிலோ. தோட்டாப்பெட்டி வளைந்து மேற்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். அது கண்ணை மறைப்பதால் குறிபார்க்கும் பாகங்கள் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 குண்டுகள் என்பது அதன் வேகம். இயந்திரத் துவக்குகளுக்குள் இது நிதானமான வேகம். இந்த இரண்டு குணங்களும், அதாவது மேலிருந்து ஊட்டுவதும் மெதுவாகச் சுடுவதும், மாதிரியைத் திருத்துபவருக்குப் பெரிய சோதனைகளாகின்றன.

மின்னால் இயங்கும் ஏர்சொஃப்ட் துவக்கை ஜப்பானின் டோக்கியோ மருய் நிறுவனம் 1991இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் அடிப்படை அமைப்பு மாறவில்லை. மோட்டர் மூன்று கியர்களைச் சுழற்றும். கடைசிக் கியரில் பாதிக்குத்தான் பல் உண்டு. அந்தப் பற்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிறிங்கை அமுக்கும். பல் முடிந்த இடத்தில் பிஸ்டன் விடுபட்டு முன்னே பாயும். சிலிண்டரில் இருந்த காற்று ஒரு சிறு மூக்குக்குழல் வழியே வெளியேறிக் குண்டைக் குழாய்க்குள் தள்ளும். வெடிமருந்தில்லை, நெருப்பில்லை. ஈருருளி வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பை விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அடிப்பது போன்ற வேலைதான்.

இதைக் கல்முனையில் விளக்கிக் காட்டியவர் பிரித்தானியாவில் வசிக்கும் ஒருவர், பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். இளவயதில் இதே ஊரில் லேத் வேலை பழகியவர். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின், நெல் குற்றும் ஆலை, உழவு இயந்திரம் என்று கரைக்கும் வயலுக்கும் வேண்டிய எல்லாவற்றையும் திருத்தும் பட்டறை அது. இப்போது தன் வீட்டுப் பின்புறக் கொட்டிலில் மற்றவர்களின் ஏர்சொஃப்ட் துவக்குகளைத் திருத்திக் கொடுக்கிறார். ஊருக்கு அவர் துவக்கைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது ஒரு பழைய மூக்குக்குழல், டெல்ரின் என்ற பிளாஸ்ரிக்கில் சாண் நீளமான வெள்ளைத் தடி, அளவுகள் எழுதிய தாள், தொலைபேசியில் சில காணொளிகள்.

திருத்த வேலை காற்றிலிருந்து தொடங்குகிறது. பிஸ்டன் தலையிலுள்ள றப்பர் வளையம், சிலிண்டரின் மூடி, மூக்குக்குழல், குண்டைப் பிடித்திருக்கும் றப்பர் உறை என்று காற்று நழுவக்கூடிய இடங்கள் நான்கு. சிலிண்டரின் வாயை விரலால் பொத்திக்கொண்டு பிஸ்டனைத் தள்ளிப் பார்ப்பார்கள். நடுவில் தடைப்பட்டு நின்றால் நல்லது, மெல்ல மெல்ல உள்ளே போனால் கசிகிறது. கசிவை விட்டுவிட்டு, வலுவான ஸ்பிறிங் போட்டு அந்தக் குறையை ஈடுகட்டுவது சோம்பல் வேலை. அப்படிச் செய்த துவக்கில் பிஸ்டனின் பற்கள் உதிரும், கியர்பெட்டியின் முன்மூலை வெடிக்கும். அந்த மூலை கூராக இருப்பதால்தான் அடி அங்கே குவிகிறது. ஊசி அரத்தால் அதை வளைவாக ராவிவிட்டால் பெட்டியின் ஆயுள் கூடும். சில நிமிட வேலை, ஆனால் ஆலையில் பெரும்பாலும் செய்வதில்லை.

கியர்களை அமர்த்துவது அடுத்தது. ஒவ்வொரு கியரின் அச்சிலும் 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையத் தகடுகளைப் போட்டு, மேலும் கீழும் ஆடாமலும் பெட்டியின் சுவரில் உரசாமலும் நிறுத்த வேண்டும். இதற்கு அளவுகோல் விரல்தான். தட்டிவிட்டால் கியர் சத்தமின்றிச் சில சுற்று ஓடித் தானாக நிற்க வேண்டும். நறநறத்தால் தகடு கூடிவிட்டது, கடகடத்தால் குறைந்துவிட்டது. நல்ல துவக்கையும் கெட்ட துவக்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியலாம் என்று தொழிலில் ஊறியவர்கள் சொல்வது இந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

பிரெனுக்கே உரிய சிக்கல் மேலூட்டில் இருக்கிறது. சாதாரண மாதிரிகளில் குண்டு கீழிருந்து ஏறி அறைக்குள் வரும். மேலிருந்து ஒரு றப்பர் மேடு அதை லேசாக அழுத்தும். அந்த அழுத்தத்தால் குண்டு பின்சுழற்சி பெற்றுக் காற்றில் மிதந்து தூரம் போகிறது. சுழலும் பந்து காற்றில் விலகுவதை விளக்கிய ஜெர்மானிய அறிவியலாளர் மக்னஸின் பெயரால் இது மக்னஸ் விளைவு எனப்படுகிறது. பிரெனில் தோட்டாப்பெட்டி மேலே நிற்கிறதே என்று அறையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் றப்பர் மேடு கீழே வந்துவிடும். சுழற்சி எதிர்த்திசையாகும். குண்டு சில மீற்றர் போய்த் தலைகுப்புற மண்ணில் விழும். எனவே குண்டும் மேலிருந்து வர வேண்டும், மேடும் மேலிருந்தே அழுத்த வேண்டும். கொட்டிலில் இதற்குக் கண்ட வழி, அறையை மட்டும் திருப்பி, உட்குழாயை முன்போலவே நிறுத்தி, மேட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பக்கவாட்டுக்கு மாற்றுவது.

அப்படி மாற்றியதும் மூக்குக்குழலின் நீளம் பொருந்தாமல் போயிற்று. இந்தக் குழல் முன்னே போகும்போது றப்பர் உறையில் இறுக அழுந்திக் காற்றை அடைக்க வேண்டும், பின்னே வரும்போது அடுத்த குண்டு விழ வழிவிட வேண்டும். குட்டையானால் காற்று பீறிடும், நெட்டையானால் குண்டு விழாது. மேலூட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. குண்டு தன் பாரத்தாலும் இறங்குவதால், குழல் வழியை நன்றாக மூடாவிட்டால் இரண்டு குண்டுகள் ஒன்றாக அறைக்குள் புகுந்துவிடும். கடைகளில் கிடைக்கும் குழல்கள் 21 மில்லிமீற்றரை ஒட்டிய நீளங்களில் வருகின்றன. தேவைப்பட்டதோ அதைவிட அரை மில்லிமீற்றர் கூடியது.

கல்முனைப் பட்டறையின் லேத் பழையது. பல்லாண்டு எண்ணெய் ஊறி மேடை கறுத்திருந்தது. பாஸ் என்று ஊரே அழைக்கும் முதியவர் டெல்ரின் தடியை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார்.

“என்னத்துக்கு மகன் இது? பம்புக்கா?”

“இல்ல பாஸ். அங்க விளையாடுற துவக்கு ஒண்டுக்கு.”

முதியவர் தடியை மேசையில் வைத்துவிட்டார். காணொளியைக் காட்டியதும் தொலைபேசியை வாங்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கடைசிவரை பார்த்தார். பிறகு, “விளையாட்டுக்கெண்டா சரி. எவ்வளவு நீளம் வேணும்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தயக்கத்தில் இந்தக் கரையின் வரலாறு இருக்கிறது. 1990 ஜூனில் விடுதலைப் புலிகள் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைக் கைப்பற்றி, சரணடைந்த பொலிஸாரை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி, வடக்கே காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சமரும் நடந்து குழந்தைகளும் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் துவக்கின் உருவம் கொண்ட எதுவும் முதலில் துவக்காகவே பார்க்கப்படும். பெருநாளுக்குப் பிள்ளைகள் வாங்கும் பிளாஸ்ரிக் துவக்கு இங்கேயும் உண்டு. ஆனால் மரப்பிடியும் இரும்புக் குழாயுமாக, அசலென்றே தோன்றும் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தத் தெருக்களில் நடப்பது நடக்கக்கூடாத காரியம். விடுமுறைக்கு வந்தவர் துவக்கை விட்டுவிட்டுக் குழலின் அளவை மட்டும் எடுத்துவந்தது மிகச் சரி.

குழல் கடையும் வேலை ஒரு முற்பகல் முழுவதும் எடுத்தது. டெல்ரின் இரும்பு போன்றதல்ல. சூடேறினால் பருக்கும், ஆறினால் சுருங்கும். லேத்தில் சரியாக இருந்த அளவு மேசையில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் மாறிவிடும். முதல் குழல் அப்படித்தான் கழிவானது. இரண்டாவதை பாஸ் வேகம் குறைத்து, கூர் தீட்டிய உளியால் நூல் நூலாகச் சீவினார். வெள்ளைச் சுருள்கள் மடியில் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் லேத்தை நிறுத்தி, துண்டு ஆறும்வரை காத்திருந்து அளந்தார். உள்துளையில் றப்பர் வளையத்துக்கான காடி வெட்டும்போது மட்டும் பேச்சு நின்றது. முடிந்ததும் ஒரு முனையை உதட்டில் வைத்து, மறுமுனையை விரலால் அடைத்து ஊதிப் பார்த்தார். வள்ளத்து எஞ்சினின் எண்ணெய்க் குழாயைச் சோதிக்கும் அதே முறை.

சுடும் வேகத்தைக் குறைப்பது அடுத்த கட்டம். இதைத் திருத்தம் என்று ஒப்புக்கொள்ளப் புதியவர்களுக்கு நேரம் எடுக்கிறது. கூடிய வேகமே நல்ல துவக்கு என்ற எண்ணம் விளையாட்டுக்காரர்களிடம் பரவலாக இருக்கிறது. சாதாரண மின் மாதிரி விநாடிக்கு ஏறத்தாழ 15 குண்டு சுடும், நிமிடத்துக்கு 900. அந்த வேகத்தில் சுடும் பிரென் பார்வைக்குப் பிரெனாக இருந்தாலும் காதுக்குத் தையல் மெஷின். கணக்கு எளிது. வழக்கமான கியர்களில் மோட்டர் 18 சுற்றுச் சுற்றினால் கடைசிக் கியர் 1 சுற்று. அதை 32க்கு 1 ஆக மாற்றினால் 15 என்பது 8.4 ஆகக் குறையும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 500, அதாவது மூலத் துவக்கின் வேகமே வந்துவிடும். இழுவிசை கூடிய மோட்டரும் 7.4 வோல்ற் பற்றரியும் இதற்குப் போதும். ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும், பற்றரி நெடுநேரம் தாங்கும், கியரும் மெதுவாகவே தேயும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாத பிரென் மாதிரியைத் திருத்தியதாகச் சொல்வதற்கில்லை.

உட்குழாயையும் குறைக்க வேண்டியிருக்கிறது. சிலிண்டரில் கொள்ளும் காற்று ஏறத்தாழ 25 கன சென்ரிமீற்றர். 6.03 மில்லிமீற்றர் துளையுள்ள உட்குழாயை வெளிக்குழாயின் முழு 635 மில்லிமீற்றருக்கும் நீட்டினால் அதற்கே 18 கன சென்ரிமீற்றர் தேவைப்படும். கனமான குண்டு நுனியை அடையும் முன்பே காற்றுக்கு மூச்சு வாங்கும். 500 மில்லிமீற்றரில் வெட்டி, மிச்ச தூரத்தைப் பொய்க்குழாயாக விட்டுவிடுவது நல்லது.

வெளிவேலையில் சொல்ல அதிகமில்லை. ஆலையிலிருந்து வரும் பாகங்களில் பல, நாகக் கலவை உலோகத்தில் வார்த்தவை. விழுந்தால் உடையும். தாங்குகால்களின் மூட்டு, கைப்பிடியின் கொண்டி ஆகியவற்றை உருக்கில் கடைந்து மாற்றுவார்கள். உருக்குக்குக் கருநீலம் ஏற்றும் திரவம் நாகக் கலவையில் பிடிக்காது என்பதால் அங்கே வர்ணம்தான். மரத்தின் பளபளப்பான வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளி விதை எண்ணெயை வாரக்கணக்கில் தேய்த்து ஏற்றுவார்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு வேகமானியின் முன்னால் வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ந்து சுடும் ஏர்சொஃப்ட் துவக்குக்கு 1.3 ஜூல் என்றும், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. ஜப்பானில் வரம்பு 0.98 ஜூல். 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 100 மீற்றர் வேகத்தில் போனால் சரியாக 1 ஜூல். கல்முனைக் குழல் பூட்டப்பட்ட பிரென், சில வாரங்களுக்குப் பின் வந்த காணொளியின்படி, 104 மீற்றரில் நின்றது, ஏறத்தாழ 1.08 ஜூல். பத்துக் குண்டுகளுக்கிடையே ஏற்ற இறக்கம் 1 மீற்றருக்குள். திருத்துபவரின் திறமையை உச்ச வேகத்தை விட இந்தச் சிறிய வித்தியாசமே காட்டுகிறது. காற்று ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அடைபடுகிறது என்பதற்கு அதுவே சான்று.

1 ஜூல் குண்டு தோலில் தழும்பு வைக்கும், கண்ணைக் குருடாக்கும். முகத்தோடு ஒட்டி முழுதாக மூடும் கண்ணாடி இல்லாமல் களத்தில் யாரையும் விடுவதில்லை. அசல் போன்ற மாதிரியைப் பிரித்தானியாவில் யார் வேண்டுமானாலும் வாங்கவும் முடியாது. 2007 ஒக்ரோபர் முதல் அதன் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பதிவுபெற்ற களம் ஒன்றில் 56 நாட்களுக்குக் குறையாத காலத்தில் மூன்று முறையாவது ஆடியவர்களை ஒரு பதிவேட்டில் சேர்த்து, அதைக் காட்டுபவருக்கே கடைக்காரர்கள் விற்கிறார்கள். மற்றவர்களுக்குப் பளிச்சென்ற நிறம் பூசியவைதான். கொட்டிலில் எழுதிவைக்காத இன்னொரு விதியும் உண்டு. செயலிழக்கச் செய்யப்பட்ட அசல் துவக்கின் குழாயையோ பூட்டையோ யார் கொண்டுவந்தாலும் அதைத் தொடுவதில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

களம் முடிந்ததும் தோட்டாப்பெட்டியைக் கழற்றி, துவக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, மேலூட்டு வழியில் தங்கிய குண்டுகளை உதிர்க்க வேண்டும். பிரெனில் இதை மறந்தால் ஒன்றிரண்டு எப்போதும் உள்ளே நிற்கும். பிறகு பாதுகாப்பான திசையில் ஒற்றை வெறுஞ்சூடு வைத்தால் ஸ்பிறிங் தளர்ந்துவிடும். பற்றரியைக் கழற்றித் தனியாக வைத்து, துவக்கை மூடிய உறைக்குள் இட்ட பிறகே வண்டியில் ஏற்றுவார்கள்.