பேத்தமங்களா ஏரிக்கரையில்

பாலாற்று நீரைத் தேக்கி நிற்பது பேத்தமங்களா ஏரி. விசயாதித்த மங்கலம் என்பது இவ்வூரின் பழம்பெயர். தங்கவயலின் குழாய்களில் ஓடிய நீர் இவ்வேரி தந்ததே. 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டபின் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த எம்போன்றோர்க்கு இது இன்றும் தாய்வீடேயாகும்.

சென்ற விடுமுறையில் இங்குப் பத்து நாள் தங்கினோம். தனித்து வாழும் எங்கள் பெரியம்மாவுக்கு மணி என்னும் நாய் ஒன்றே துணை. குட்டிப் பருவமுதல் கொல்லையில் சங்கிலியில் கிடந்த அது, பிற மனிதரையும் நாய்களையும் அறியாது வளர்ந்தது. தெருவில் இறங்கினால் சீறிப் பாயும். ஒருமுறை பெரியம்மாவை இழுத்து வீழ்த்தியும் விட்டது. “எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்றனர் அண்டை வீட்டார். பெரியம்மா மறுமொழி கூறவில்லை. அன்றிரவு உணவும் கொள்ளவில்லை.

பிறந்த 3ஆம் வாரமுதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரையே நாய்க்குட்டி உலகோடு எளிதில் உறவுகொள்ளும் என்று ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காட்டினர். அக்காலம் கழிந்தால் பழக்குதல் அரிது, இயலாததன்று. மணியின் சீற்றம் வீரமன்று, அச்சமே என உணர்ந்தோம்.

வெறிநோய்த் தடுப்பூசி முன்னரே போடப்பட்டிருந்தது. கழுத்துப்பட்டைக்கு மாற்றாக மார்பைச் சுற்றும் பட்டை அணிவித்து, விடியலில் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம். தொலைவில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் வருவார். மணி அவரைக் காணவேண்டும், ஆனால் குரைக்கலாகாது. அத்தகைய தூரத்தில் நின்றோம். கண்டவுடன் அவித்த ஈரல் துண்டு ஒன்று கொடுப்போம். அவர் மறைந்தால் ஈரலும் நின்றுவிடும். அஞ்சும் பொருளை உணவோடு இணைத்தால் அச்சம் மெல்ல ஆர்வமாக மாறும். உருசிய அறிஞர் பாவ்லவ் கண்ட உண்மையின் வழிவந்த முறை இது. கயிறு இறுகினால் நின்றோம், தளர்ந்தால் நடந்தோம். அதட்டவுமில்லை, அடிக்கவுமில்லை, அடி அச்சத்தை வளர்க்குமேயன்றி அகற்றாது.

நாளுக்குச் சில அடி நெருங்கினோம். ஆறாம் நாள் அவசரப்பட்டுக் கடைத்தெரு வழியே சென்றோம். பழைய சீற்றம் மீண்டது. பிழை எங்களதே. மறுநாள் மீண்டும் தூரத்தைக் கூட்டினோம்.

பத்தாம் நாள் ஆட்டுமந்தை முப்பதடி தூரத்தில் கடந்தது. மணி ஒருகணம் நோக்கியது; பின் திரும்பி எங்கள் முகம் பார்த்தது. பழக்கம் முற்றப் பல திங்கள் ஆகும். ஆயினும் கயிற்றைப் பெரியம்மாவின் கையில் கொடுத்தோம். பையில் ஈரலும் வைத்தோம்.

“வா மணி, வீட்டுக்குப் போகலாம்” என்றார் அவர். கயிறு தளர்ந்தே இருந்தது.