சப்பாத்தி சாப்பிடாத நோயாளி

நம் ஊரில் எந்த நோயும் கடைசியில் கோதுமையில் வந்து நிற்கும். சர்க்கரையா, ராத்திரிக்குச் சப்பாத்தி. உடம்பு பெருத்துவிட்டதா, கோதுமை ரவை உப்புமா. பிள்ளை தேறவில்லையா, ஹார்லிக்ஸ். அதிலும் பார்லியும் கோதுமையும்தான். இப்படிக் கோதுமையை மருந்தாகவே கொண்டாடும் இடத்தில், "எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் சோறுதான் சாப்பிடுவேன்" என்கிறவளை யார் நம்புவார்கள்? நாக்குக்கு வசதியாக ஒரு நோயைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் உறவில் பேச்சு.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தசோகை தீராததற்குக் காரணம் அதுதான். மருந்து கிடையாது, ஆயுள் முழுக்கப் பத்தியம். வட இந்தியாவைவிடத் தெற்கே இந்த நோய் மிகக் குறைவு, பெயரைச் சொன்னால் "அலர்ஜியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

ரொட்டியே சாப்பாடாக இருக்கும் நாட்டில் ரொட்டியைச் சந்தேகப்பட்ட ஒருவரை இந்த நேரங்களில் நினைத்துக்கொள்வேன். வில்லெம் டிக்கே, நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி இல்லாமல் ஊரே வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறின. ரொட்டி வந்ததும் திரும்பப் படுத்தன. அவருக்கு ஏற்கெனவே இருந்த சந்தேகம் அதில் வலுப்பட்டது. 1950-இல் ஆய்வேடாகவே எழுதிவிட்டார்.

வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எல்லாம் உண்டு. பரோட்டா போனதில் கொஞ்சம் வருத்தம், திருநெல்வேலி அல்வா போனதில் நிறைய. தொல்லை தருவது கண்ணுக்குத் தெரியாத கோதுமைதான். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். அதனால் வெளியில் சாம்பார், ரசம், ஊறுகாய் எதையும் நம்ப முடியாது. அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடி வாங்கி வைத்திருக்கிறேன். ஓட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே என் தோசையும் வேகும். மாவு மில்லில் யாரோ கோதுமை அரைத்த கையோடு நம் கேழ்வரகைக் கொட்டினால் அதுவும் வீண். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தக் கணக்கை மில்காரரிடம் எப்படிச் சொல்வது? மிக்சியே போதும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை வீட்டுக்குப் போனால் வாதம் வேறு மாதிரி. "கோதுமை இல்லம்மா, இது ரவைதானே" என்று கேசரியை நீட்டுவார். சேமியாவும் அப்படியே, அவர் கணக்கில் கோதுமை என்றால் சப்பாத்தி மட்டும்தான். ரவை எதிலிருந்து வருகிறது என்று பொட்டலத்தைக் காட்டி விளக்கிய பிறகு, எனக்கென்று அரிசி ரவையில் உப்புமா கிண்டுகிறார், பெருங்காயம் போடாமல்.

பக்கத்தில் மாமா, சர்க்கரைக்காக வழக்கமான சப்பாத்தியோடு உட்கார்ந்திருப்பார். போன தடவை என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அத்தை அடுப்படிக்குப் போனதும் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, உனக்கு எடுத்தாங்களே அந்த டெஸ்ட்டு, அதை நானும் எடுத்துப் பார்த்தா என்ன?"