ஊருக்குப் போகலாம்

காத்திருப்பதில் பல தினுசு உண்டு. ரெயிலுக்குக் காத்திருப்பது, ரேஷன் கடையில் காத்திருப்பது, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது ஆகியவையெல்லாம் நேயர்கள் நன்கு அறிந்தவை. வைத்தியம் முடிந்த பின்பு ஊருக்குப் போவதற்காகக் காத்திருப்பது என்று இன்னொன்றும் இருக்கிறது. அதை அனுபவித்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் மறந்துவிடுகிறார்கள் போலும்! நானும் மறந்துவிடுவதற்கு முன்னால், அடையாற்றில் ஒரு சந்தில், ஒற்றை அறை ஜாகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. 33 வருஷம் தமிழ் உபாத்தியாயராக இருந்தேன். அதாவது, குரலை விற்றுச் சாப்பிட்டவன். அந்தக் குரல்வளையிலேயே புற்று வந்து சேர்ந்தது. ஐப்பசியில் நானும் மனைவியும் சென்னைக்குப் புறப்பட்டபோது எங்கள் பக்கத்து வயல்களில் பிசானத்துக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது மாசி பிறந்துவிட்டது. அந்த நெல் அறுவடைக்குத் தலை சாய்த்து நிற்கும்.

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை என்றால் ஏதோ ஒரே நாளில் சுட்டுப் பொசுக்கி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் பலரும் எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் புற்றோடு கழுத்தும் போய்விடும். பாரிஸ் நகரத்து ரேடியம் நிலையத்தில் ஆன்ரி கூட்டார் என்ற டாக்டர் 1920-களில் இதே குரல்வளைப் புற்றுக்குத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வாரங்கள் கதிர் பாய்ச்சி வெற்றி கண்டார். கதிரினால் அடிபட்ட நல்ல அணுக்கள் ஒவ்வொரு நாளும் இடைவேளையில் தம்மைச் செப்பனிட்டுக்கொள்கின்றன. புற்று அணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் என் உயிர் ஏழு வாரம் ஊசலாடிற்று. வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 35 தடவை. முகத்துக்கு அச்செடுத்த வலைக் கவசத்தைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள். யந்திரம் சுற்றிவரும். வலி என்பதே இல்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிடும். வலியெல்லாம் மூன்றாவது வாரத்தில், வாயும் தொண்டையும் புண்ணான பிறகு, வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. கஞ்சி கூட மூக்குக் குழாய் வழியாகத்தான் இறங்கிற்று.

35-ஆவது நாள் முடிந்ததும் என் மனைவி பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். டாக்டர் சிரித்தார். "மெஷின் நின்றுவிட்டது. உடம்புக்குள் அதன் வேலை நிற்கவில்லை. இன்னும் ஓரிரு வாரம் புண் அதிகமாகத்தான் இருக்கும். அப்புறம் மெள்ள ஆறும். குழாய் இல்லாமல் வாயால் விழுங்கி, எடையும் குறையாமல் இருந்தால் ஊருக்குப் போகலாம்" என்றார்.

அன்று ஆரம்பித்ததுதான் நான் சொல்லும் காத்திருப்பு. சிகிச்சை நடக்கும்போது தினம் ஓர் எண் குறைந்துகொண்டு வரும். 20, 19, 18 என்று எண்ணலாம். இப்போது எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. யாரும் கூப்பிடுவதில்லை. நாள் முழுவதும் உமிழ்நீரை விழுங்கிப் பார்ப்பதே உத்தியோகம். சிறைவாசிக்குக்கூட விடுதலைத் தேதி என்று ஒன்று உண்டு. எனக்கோ என் தொண்டைதான் ஜெயிலர்.

பேச முடியாதபடியால் மனைவி ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். நான் எழுதியதைப் படித்துவிட்டு, அவளும் பதிலைச் சிலேட்டிலேயே எழுதினாள்! "உனக்குக் குரல் இருக்கிறதே" என்று எழுதிக் காட்டியதும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் எனக்குத் தொண்டை வலித்தது.

அடுத்த அறையில் நெல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடு இருந்தார். அவருக்கு நாக்கில் புற்று. தமிழ் தெரியாது. எனக்குத் தெலுங்கும் தெரியாது, குரலும் கிடையாது. ஆகையால் எங்கள் சம்பாஷணை வெகு சௌகரியமாக நடந்தது. மாலை வேளைகளில் வாசற்படியில் உட்கார்ந்து, இன்னும் எத்தனை தடவை பாக்கி என்று விரல்களால் காட்டுவார். ஒரு நாள் அவர் விரலைக் காட்டவில்லை. மறுநாளும் காட்டவில்லை. மூன்றாம் நாள் அவருக்கும் டாக்டர், "ஊருக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

இந்த வாக்கியத்துக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு பொருள் உண்டு. 33 வருஷம் இலக்கணம் சொல்லிக் கொடுத்தும் இப்படி ஒரு சிலேடையை நான் கண்டதில்லை. வைத்தியம் பலித்தவனுக்கும் அதே சொல். இனி வைத்தியம் இல்லை என்பவனுக்கும் அதே சொல். சொல்லிலே வித்தியாசம் கிடையாது. சொல்லுகிறவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நெல்லூர் அம்மாள் அறையைக் கழுவினாள். பிளாஸ்டிக் வாளியையும் மின்சார அடுப்பையும் துடைத்து என் மனைவியிடம் கொடுத்தாள். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தயிர் சாதம் கட்டிக் கொடுத்து, ஆட்டோ வரையில் போய் வந்தாள்.

ஒரு காலத்தில் அந்த வாக்கியத்துக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923-ல். அந்தத் துக்கத்தை மனத்தில் வைத்திருந்து, 1954-ல் இதே அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். 31 வருஷம்! அந்த அம்மையாரின் காத்திருப்புக்கு முன்னால் என்னுடைய ஐந்து வாரத்தை எடுத்துச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும் வரையில் அதே ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். இன்று மேற்படி வாக்கியத்தின் முதற் பொருளோடு எத்தனையோ பேர் எழும்பூரில் ரெயில் ஏறுகிறார்கள் என்றால், இவர்கள் போன்றவர்கள் செய்த வேலைதான்.

சென்ற வியாழக்கிழமை குழாயை எடுத்தார்கள். டாக்டர் எதிரில் ஒரு தம்ளர் கஞ்சியைக் கால்மணி நேரத்தில் குடித்துக் காட்டினேன். "ஊருக்குப் போகலாம்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் மனைவியும் அதைத்தான் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. "நல்லபடியாகத்தான் சொல்கிறேன், அம்மா. ஆனால் சித்திரையில் வந்து ஸ்கான் எடுத்த பிறகே முழுத் தீர்ப்பு. அதற்கு முன் எடுத்தால், ஆறாத புண்ணைப் புற்று என்று மயங்கக்கூடும்" என்றார். ஆகவே நான் ஊருக்குப் போவது ஜாமீனில் போவது மாதிரிதான். போதும். ஜாமீனில் போகிறவன் வீட்டு முற்றத்திலும் வெயில் அடிக்கிறதல்லவா?

ரெயில்வே சலுகைக்கு ஆஸ்பத்திரியில் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். படுக்கை வசதி வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. துணைக்கு வருபவருக்கு நூற்றுக்கு 75 தள்ளுபடி. "எனக்கு மட்டும் ஏன் கால் பங்கு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. 35 நாளும் நான் உள்ளே சில நிமிஷம் படுத்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்கு அதிகச் சலுகை கொடுக்க வேண்டும் என்று ரெயில்வேக்காரர்கள் யோசிக்கலாம்.

டிக்கெட் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு. இன்று திங்கட்கிழமை. எங்கள் ஊர் அப்பளத்துக்குப் பெயர் போனது என்று நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். மொறுமொறுப்பாக எதையும் இப்போதைக்குத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கல்லிடைக்குறிச்சியில் போய் அப்பளம் தின்னாமல் உட்கார்ந்திருப்பதற்கு நான் மனத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

நெல்லூர்க்காரர் இருந்த அறைக்கு நேற்று ஒரு வங்காளிக் குடும்பம் வந்தது. தகப்பனாருக்குத் தொண்டையில்தான். எத்தனை நாள் ஆகும் என்று பையன் ஜாடையாகக் கேட்டான். சிலேட்டில் 35 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு நிறுத்தினேன். அவன் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வாளியையும் அடுப்பையும் வெள்ளிக்கிழமை தருவதாக என் மனைவி அவன் தாயாரிடம் சொல்லியிருக்கிறாள். அதுவரையில் நாங்கள் குளிக்க வேண்டுமே!