ரெண்டு புள்ளி

தலைப்பைப் பாத்து கோலப் பதிவுன்னு யாராச்சும் வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க மக்களே :-)

போன மாசம் பெரியப்பா வீட்டு அட்டாலியைச் சுத்தம் பண்றப்ப ஒரு பிஸ்கட் டப்பா கிடைச்சது. திருப்பூர்ல அட்டாலி டப்பாவுக்குள்ள என்ன இருக்கும்னு தனியா சொல்லணுமா? பாபின், ஊசி, ஓவர்லாக் லூப்பர். அதுக்கு நடுவுல சின்னதா ஒரு எஃகுத் துண்டு. 'ப' மாதிரி வடிவம். முன்பக்கம் கோடு கோடா வரி. ஒரு பக்கத்துல ரெண்டு குட்டித் திருகு.

கம்பெனி மெக்கானிக்கிட்ட காட்டினேன். "இது நம்ம மெசின் சாமானே இல்லீங்க தம்பி"ன்னுட்டார்.

அப்பத்தான் பெரியப்பாவோட பழைய ஏர் பிஸ்டல் ஞாபகம் வந்தது. வால்டர் எல்.பி. 53. (1963 ஜேம்ஸ் பாண்ட் பட விளம்பரப் போட்டோவுல ஷான் கானரி பிடிச்சிருக்கறது இதே மாடல்தான். பாண்டோட துப்பாக்கி வந்து சேரலைன்னு போட்டோகிராபர் தன்னோட ஏர் பிஸ்டலைக் கொடுத்துட்டாராம்!) பெல்லட் இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துக்கிட்டு, டிரிக்கரை லென்ஸ் வெச்சுப் பாத்தேன். பக்கவாட்டுல ரெண்டு புள்ளி மாதிரி குழி. துண்டுல இருந்த திருகுகளுக்கு அச்சு அசலாப் பொருந்துச்சு.

இதுக்குப் பேர் டிரிக்கர் ஷூ. குறுகலான பழைய டிரிக்கர் மேல மாட்டி அகலமாக்கறது. பாக்மயர் மாதிரி அமெரிக்கக் கம்பெனிகள் நிறைய பண்ணினாங்க. இப்ப வர்ற மேட்ச் பிஸ்டல்கள்ல டிரிக்கரையே நகர்த்தி வெச்சுக்கலாம்கறதால இதுக்கு வேலை இல்லை. இதை மாட்டினா டிரிக்கர் லேசாயிடும்னுதான் நானும் நினைச்சேன். கிடையாது. ஸ்பிரிங்கை இது தொடறதே இல்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு விதிப்படி குறைஞ்சது 500 கிராம் இழுவை இருக்கணும், ஷூ போட்டாலும் அதே இழுவைதான். அழுத்தம் விரல் முழுக்கப் பரவறதால லேசாத் தெரியுது, அவ்வளவுதான்.

முப்பது வருசம் கட்டிங் கத்திரி பிடிச்சதுல பெரியப்பாவுக்கு ஆள்காட்டி விரல் மரத்துப் போச்சு. அதனாலதான் சுடறதை விட்டார்னு வீட்ல எல்லாரும் நம்பிட்டிருந்தோம். ஷூவை நீட்டினதும் முகம் மாறிப்போச்சு.

"அதைக் கழட்டிப் போட்டதே நாந்தான் கண்ணு."

ஒரு போட்டியில திருகு தளர்ந்து ஷூ கீழ இறங்கியிருக்கு. கார்டுல உரசி, டிரிக்கர் முழுசா முன்னால வராம பாதியில நின்னிருக்கு. இவர் கவனிக்காம அடுத்த பெல்லட்டைப் போட்டு, கையைத் தூக்கறப்பவே வெடிச்சிருச்சு. ரெண்டடி முன்னால தரையில அடிச்சது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னிக்கு மாட்டினவர் மறுபடி பிஸ்டலைத் தொடலை, யார்கிட்டயும் சொல்லவும் இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். டிரிக்கர்ல எண்ணெய் இல்லாமத் துடைச்சோம். அந்தப் புள்ளியிலயே திருகை உக்கார வெச்சு மாத்தி மாத்தி முறுக்கினோம். கார்டை விட்டு அகலம் வெளிய வரக்கூடாது, அடியில உரசக்கூடாது. சும்மா சுட்டுப் பாக்கவும் கூடாது. பெல்லட் இல்லாம விட்டா இந்த வகை பிஸ்டல்ல பிஸ்டன் அடிவாங்கும். கடைசியா திருகு மேல பெரியம்மாவோட நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. ஷூ நகர்ந்தாத் தெரியறதுக்கு ஓரத்துல ஒரு கோடு.

ஞாயித்துக்கிழமை ரேஞ்சுல பத்து பெல்லட் சுட்டார். நாலு கறுப்புக்குள்ள. ஒவ்வொரு தடவையும் பெல்லட் போடறதுக்கு முன்னால கண்ணாடியை ஏத்திவிட்டு அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டார்.

பெரியம்மா இன்னும் அந்த பாட்டிலைத் தேடிட்டிருக்காங்க. அது பிஸ்டல் பெட்டிக்குள்ள இருக்கு.